ஜெலாட்டோ கடைக்கு எந்த டிஸ்ப்ளே கேஸ் வாங்கலாம்? திருச்சி வெயிலுக்குத் தாங்குமா?

உறையூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது உதவி வேண்டும்.

தில்லை நகரில் 280 சதுர அடியில் ஒரு கடை பிடித்திருக்கிறேன். ஜெலாட்டோ (இத்தாலிய வகை ஐஸ்கிரீம்), கூடவே காபி, அவ்வளவுதான். கலவையைக் கடைந்து உறைய வைக்கும் பேட்ச் ஃப்ரீசர் வந்துவிட்டது. நான்கு மாதமாகத் தினமும் போட்டுப் பழகி, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சளி பிடிக்க வைத்தாகிவிட்டது. சித்திரைக்குள் திறந்துவிட வேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு.

மிச்சம் இருப்பது டிஸ்ப்ளே கேஸ். மூன்று கொட்டேஷன் கையில் இருக்கிறது. ஐஸ்கிரீம் பார்லர்களில் பார்ப்போமே, மேலே வளைந்த கண்ணாடி போட்ட ஸ்கூப்பிங் ஃப்ரீசர், அது 65 ஆயிரம். இங்கேயே செய்து தரும் 12 தட்டு ஃபேன் கூலிங் ஷோகேஸ் 3 லட்சத்து 40 ஆயிரம். இத்தாலியிலிருந்து வரும் அதே 12 தட்டு எல்லாம் சேர்த்து 11 லட்சத்துக்கு மேல். மூன்றாவதின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வீட்டுக்காரர் மற்ற இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டியது நான். கை வரவில்லை.

யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

11 லட்சமா! அந்தக் காசுக்கு ஒரு காரை வாங்கி, ஏசியைப் போட்டு, ஐஸ்கிரீமைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றியே விற்கலாமே.

பெசன்ட்நகர்_அலை

மேடம், சூடுபட்ட பூனை பேசுகிறேன், கேளுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன் நான் கடை திறந்தபோது ஒரு ஃபேப்ரிகேட்டர் (பெயர் வேண்டாம்) கேக் ஷோகேஸையே கொஞ்சம் பெரிய கம்ப்ரசர் போட்டு மாற்றிக் கொடுத்தார். மைனஸ் 14 வரும் என்றார். அவர் பட்டறையில், காலை பத்து மணிக்கு, தட்டு எதுவும் இல்லாத காலிப் பெட்டியில் மைனஸ் 14 வந்தது. டிஸ்ப்ளேயில் சிவப்பு எழுத்தில் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மழைக்கு முந்தைய அக்டோபர் புழுக்கம். சாயங்காலம் நான்கு மணி ஆனால் கண்ணாடி வியர்க்க ஆரம்பிக்கும். முதலில் கீழ் ஓரத்தில் புகை மாதிரி, அப்புறம் முத்து முத்தாக, ஐந்து மணிக்கு வழிந்து ஓடும். உள்ளே இருக்கும் எட்டு வகையில் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போவார்கள். நான் கையில் துணியோடு நிற்பேன். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். கீழே சொட்டிய தண்ணீரில் ஒரு பாட்டி வழுக்கப் பார்த்தார், நல்லவேளை பிடித்துவிட்டேன்.

ஒருநாள் முள் தெர்மாமீட்டரை ஒவ்வொரு தட்டிலும் குத்திப் பார்த்தேன். பின்வரிசை மைனஸ் 14. முன்வரிசை இடது மூலை மைனஸ் 8. வெளியே சிவப்பு எழுத்து அப்போதும் மைனஸ் 14 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. சென்சார் இருந்தது பின்னால், காற்று வெளிவரும் வாயில்.

பிறகுதான் கிளைமேட் கிளாஸ் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பெட்டி எந்தச் சூழலில் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் எண் அது. கிளாஸ் 4 என்றால் அறை 30 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். கிளாஸ் 7 என்றால் 35 டிகிரி, 75 சதவீதம். இத்தாலிப் பெட்டியானாலும் சரி, இங்கே செய்ததானாலும் சரி, முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் அதுவே பாதி பதில்.

கம்ப்ரசர்_கண்ணன்

கோவையில் குளிர்சாதன வேலை, 19 வருடம். அலை சார் சொன்னது அத்தனையும் சரி. நான் பெட்டிக்கு வெளியே இருக்கிற விஷயங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை பெட்டியின் கோளாறு கிடையாது, வைத்த இடத்தின் கோளாறு.

கம்ப்ரசர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறதா, தனியாக வெளியே வைப்பதா? உள்ளேயே இருந்தால் அது இழுக்கும் கரண்ட் முழுவதும் உங்கள் கடைக்குள் சூடாக வந்து விழும். 12 தட்டுப் பெட்டி ஓடும்போது ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட். ஆகக் கிட்டத்தட்ட அரை டன் ஏசி இந்தப் பெட்டிக்கு மட்டும் வேண்டும். 280 சதுர அடிக்கு ஒன்றரை டன் போதும் என்று ஏசிக்காரர் சொல்லியிருப்பார். அவர் கணக்கில் இந்தப் பெட்டி இருந்திருக்காது, காபி மெஷினும் இருந்திருக்காது.

அதற்காக ஏசி காற்றை நேரே பெட்டி மேல் திருப்பிவிடாதீர்கள். ஃபேன் கூலிங் பெட்டியில் தட்டுகளுக்கு மேலே ஒரு மெல்லிய குளிர்காற்றுத் திரை ஓடிக்கொண்டே இருக்கும். மேலிருந்து சீலிங் ஃபேனோ ஏசியோ அடித்தால் அந்தத் திரை கிழிந்துவிடும். அப்புறம் கம்ப்ரசர் ராத்திரி பகலாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

கடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது மேடம்?

உறையூர்க்காரி

மேற்கு. பெட்டி வைக்க நினைத்த இடத்துக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். 😞

கம்ப்ரசர்_கண்ணன்

ஃபேனைக் கழற்றிவிடலாம், சூரியனைக் கழற்ற முடியாது. சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக நேரே தட்டில் விழும். வாசலுக்கு இணையாக வைக்காமல், பக்கச் சுவரை ஒட்டித் திருப்பி வையுங்கள். வெளியே ஒரு சாய்ப்பு இறக்குங்கள். வாசல் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். இத்தாலிப் பெட்டிகள் பலதும் முன்னும் பின்னுமாக ஒரு மீட்டருக்கு மேல் ஆழம். போன வருடம் ஒரு இடத்தில் பெட்டி லாரியில் வந்து நின்ற பிறகு வாசல் நிலையை உடைத்தோம்.

பலெர்மோ_தமிழன்

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது சிசிலியில் பலெர்மோ. ஒரு ஜெலாட்டோ கடையில் 11 வருசமாக வேலை. இங்கே கோடையில் சனம் காலைச் சாப்பாட்டுக்கே பணிசுக்குள் (பன்) ஜெலாட்டோ வைத்துத்தான் தின்னும். அதனால் பெட்டியோடு மாரடிப்பது எனக்குப் பழகின விசயம்.

எல்லாரும் பெட்டியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். உங்கள் கண்ணாடிப் பெட்டியை இங்கே வெத்ரீனா என்று சொல்லுவினம். துணிக்கடையில் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தும் கண்ணாடிக்கும் அதே சொல்தான். அது காட்டுகிற பெட்டி, வைத்திருக்கிற பெட்டி இல்லை. எங்கள் முதலாளி இரவு பதினொன்றரைக்குக் கடை பூட்டும் முன் ஒவ்வொரு தட்டாக எடுத்து, மேலே பேப்பர் போட்டு மூடி, பின்னுக்கு இருக்கும் மைனஸ் 18 அலுமாரிக்குள் அடுக்கச் சொல்லுவார். எவ்வளவு களைத்தாலும் விடமாட்டார். காலையில் திரும்ப வெளியே எடுத்து வைக்கிறது. வெத்ரீனாவை இரவில் நிற்பாட்டிக் கழுவித் துடைத்துவிடுவோம்.

ஏன் என்றால், ஃபேன் காற்று நாள் முழுக்க மேலே ஓடினால் ஜெலாட்டோவின் தோல் காய்ந்துபோகும். ஒரு நாளைக்குள் பிஸ்தா நிறம் மங்கும், பழ வகைகளின் மேல் இறுகின படை வரும். அதோடு டீஃப்ரொஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கொயிலில் பிடித்த பனியைக் கரைக்கப் பெட்டி தன்னைத்தானே சூடாக்கும். அந்த நேரம் ஜெலாட்டோவின் மேல்பக்கம் கொஞ்சம் இளகி, திரும்ப உறையும். உள்ளே இருந்த பொடி ஐஸ் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிசாகும். இரண்டு மூன்று நாளில் நாக்கில் நறநறக்கும். நீங்கள் நான்கு மாதம் பாடுபட்டு வடிவாகச் செய்த சாமான், பெட்டிக்குள் இருந்தே கெட்டுப்போகும்.

ஆகவே பின்னுக்கு ஒரு மைனஸ் 18 நிற்கும் ஃப்ரீசர் இல்லாமல் எந்த வெத்ரீனாவும் வாங்காதேயுங்கோ. 11 லட்சம் கொடுத்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பொஸெட்டி என்று ஒரு வகை இருக்கிறது. அர்த்தம் சின்னக் கிணறுகள். கண்ணாடி இல்லை. மேசை மாதிரி மட்டமாக இருக்கும், அதில் வட்ட வட்டமாக மூடிகள். மூடியைத் திறந்தால் உள்ளே 20 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்தில் உருளை ஏனம், ஏழு லீட்டர் பிடிக்கும். காற்று ஓடாது, வெளிச்சம் படாது, சூடு ஏறி இறங்காது. பழைய காலத்து முறை. பிறகு கண்ணாடிப் பெட்டி வந்து இதைப் பின்னுக்குத் தள்ளினது. 2003இல் தூரின் நகரில் தொடங்கின க்ரோம் என்ற கடை திரும்பவும் மூடி போட்ட ஏனத்திலேயே விற்றுப் பெயரெடுத்தது. இப்ப இங்கே சாமான் தெரிந்த சனம் மூடியைக் கண்டால்தான் உள்ளே போகும். மலை மாதிரிக் குவித்து, மேலே பழம் குத்தி வைத்திருந்தால் அது சுற்றுலாக்காரருக்கு என்று விலகிப் போகும். குவியலின் உச்சி காற்றுத் திரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அது உருகாமல் நிற்க வேண்டுமென்றால் கலவையில் என்ன போட்டிருப்பார்கள் என்று யோசியுங்கோ.

பெசன்ட்நகர்_அலை

பலெர்மோ அண்ணே, உங்கள் அறிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பொஸெட்டியை மட்டும் நம் ஊரில் முதல் கடையாக வைக்கிறவருக்குச் சொல்லாதீர்கள்.

நான் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கிளையில் ஆறு கிணறு. வந்தவர்கள் மூடியைப் பார்த்துவிட்டு "ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டார்கள். ஒரு தாத்தா அதைக் கை கழுவும் தொட்டி என்றே நினைத்துவிட்டார். நம் ஜனம் கண்ணால் பார்த்து விரலால் காட்டி வாங்குகிற ஜனம். அல்வாக் கடை, பழக்கடை, பஜ்ஜிக் கடை எல்லாம் அப்படித்தானே. குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "அந்த ரோஸ் கலர்" என்று சொன்னால்தான் அப்பாவின் கை பர்ஸுக்குப் போகும். மூடியைத் திறந்து "இது ஃபிக், இது ஹேசல்நட்" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கப் பேச்சுத் திறமையுள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால் கரண்டு பில்லில் பொஸெட்டிதான் ஜெயித்தது, மறைக்க மாட்டேன். சப்-மீட்டர் போட்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டி கோடையில் ஒரு நாளைக்கு 26, 28 யூனிட். கிணறு பத்தைத் தாண்டவில்லை.

பலெர்மோ_தமிழன்

கை கழுவும் தொட்டி! முதலாளியிடம் சொன்னேன், மனுசன் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தார்.

ஓம், நீங்கள் சொல்வது விளங்குது. ஊருக்கு ஊர் வேற. ஆனால் ஒன்று, சனத்துக்குக் காட்டத்தான் வேண்டும் என்றால் குறைய வகை காட்டுங்கோ.

கணக்குப்பிள்ளை

குறைவான வகை என்றதும் என் கை சும்மா இருக்கவில்லை.

உறையூர் மேடம் கேட்பது 12 தட்டு. ஐந்து லிட்டர் தட்டு என்று எடுத்துக்கொள்வோம். ஜெலாட்டோவில் ஐஸ்கிரீம் அளவுக்குக் காற்று கிடையாது, அதனால் கனம் அதிகம். தட்டை விளிம்புவரை நிரப்பாமல் விட்டாலும் மூன்றரை கிலோ நிற்கும். 12 தட்டுக்கு 42 கிலோ. ஒரு கப் 80 கிராம் என்றால் 525 கப்.

முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கப் போகும்? வார நாளில் நூறு போனாலே தெய்வச் செயல். நூறு கப் என்றால் எட்டு கிலோ. ஆக, பெட்டி நிறைய வைத்தால் கடைசி கப் விற்க ஐந்து நாளுக்கு மேல் ஆகும். பலெர்மோ அண்ணன் இரண்டு மூன்று நாளில் நறநறக்கும் என்கிறார். அப்படியென்றால் அலங்காரத்துக்காகவே பாதி சரக்கைக் கெடுக்கப் போகிறீர்கள். சரி, கொஞ்சமாக வைக்கிறேன் என்றால் 12 தட்டிலும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்க்கிறவனுக்கு நேற்று மிஞ்சியது மாதிரிதான் தோன்றும்.

எட்டு தட்டு, 28 கிலோ. இரண்டரை கிலோ வீதம் வைத்தால் 20. இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விலையும் இறங்கும், இடமும் மிஞ்சும்.

நெய்_மணம்

இடையில் ஒரு கேள்வி. ஜெலாட்டோவில் கொழுப்பு குறைவு என்கிறார்களே, அதை ஐஸ்கிரீம் என்று போர்டில் எழுதலாமா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பிரச்சினை வராதா?

கணக்குப்பிள்ளை

பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் வெறும் ஐஸ்கிரீம். இரண்டரைக்கு மேல், பத்துக்குக் கீழே என்றால் மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம். பெரும்பாலான ஜெலாட்டோ அதில்தான் விழும். வனஸ்பதியோ பாமாயிலோ போட்டால் அது ஃப்ரோசன் டெசர்ட், கதையே வேறு.

மட்டுறுத்துநர்

லேபிள் பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே பெட்டியைப் பேசுவோம்.

உறையூர்க்காரி

இரண்டு நாளாக வரமுடியவில்லை, எல்லாவற்றையும் இப்போதுதான் வாசித்தேன். அளந்தும் விட்டேன். வாசல் 38 அங்குலம்! இத்தாலிப் பெட்டியின் ஆழம் 45 அங்குலம். வீட்டுக்காரரிடம் டேப்பைக் கொடுத்து நீங்களே அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார். பேசவில்லை. பிறகு "வாசலைப் பெரிதாக்கினால்?" என்றார். கடை ஓனரிடம் நீங்களே கேளுங்கள் என்றேன்.

பலெர்மோ அண்ணா, உங்களிடம் ஒரு சந்தேகம். என் பிரச்சினை பெட்டியிலா, கையிலா என்று தெரியவில்லை. இப்போது ஒரு சாதாரண செஸ்ட் ஃப்ரீசரை மைனஸ் 13இல் வைத்துப் பழகுகிறேன். பால் வகை எல்லாம் பதமாக இருக்கிறது. டார்க் சாக்லேட் மட்டும் கருங்கல். ஸ்பாச்சுலா வளைந்துவிட்டது. அதே பெட்டியில் இமாம் பசந்த் மாம்பழம் பாயசமாக ஓடுகிறது. ஒரே பெட்டியில் இரண்டையும் எப்படி வைக்கிறார்கள்? சாக்லேட்டுக்குத் தனி வெப்பநிலை வைக்கிற மாதிரி பெட்டி உண்டா?

பலெர்மோ_தமிழன்

இரண்டு சூடு வைக்கிற பெட்டி இருக்கிறது, ஆனால் அதுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் கையில்தான் அலுவல்.

பெட்டிக்கு ஒரே சூடுதான். அதனால் எல்லாக் கலவையும் அந்தச் சூட்டில் ஒரே பதத்தில் நிற்கிற மாதிரிச் சீனியை மாற்ற வேண்டும். நாங்கள் சாதாரணச் சீனியின் உறையவிடாத சக்தியை 100 என்று வைத்துக்கொள்ளுவோம். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் சீனி, கிட்டத்தட்ட 190. இனிப்போ சீனியை விடக் குறைவு, முக்கால்வாசிதான் வரும். ஆகவே சாக்லேட்டில் சீனியில் ஒரு பங்கை எடுத்துவிட்டு டெக்ஸ்ட்ரோஸ் போட்டால் தித்திப்பு கூடாமல் இளகும். கொக்கோ வெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும், கொக்கோத் தூள் தண்ணியை உறிஞ்சிவிடும், அதுதான் கல் மாதிரி வருகிறது. மாம்பழத்தில் எதிர்மாறு. பழத்துக்குள் இருக்கிற சீனியைக் கணக்கில் பிடிக்காமல் கலவைக்கு வழமையான அளவு போட்டிருப்பீர்கள். குறையுங்கோ.

இதைச் சரிபண்ணாமல் பெட்டியைத் திருகினால், சாக்லேட்டுக்காக மைனஸ் 11 வைப்பீர்கள், மாம்பழம் ஓடும். மாம்பழத்துக்காக மைனஸ் 15 வைப்பீர்கள், சாக்லேட்டுக்குக் கோடரி வேண்டும். முதலில் கலவையை ஒரு சூட்டுக்கு ஒழுங்கு பண்ணுங்கோ, மைனஸ் 13 நல்ல எண். பிறகு அந்தச் சூட்டை எல்லா மூலையிலும் பிடிக்கிற பெட்டியைத் தேடுங்கோ.

உறையூர்க்காரி

அண்ணா, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று கொட்டேஷன்காரர்களும் "எத்தனை தட்டு வேண்டும், என்ன கலர் வேண்டும்" என்றுதான் கேட்டார்கள்.

கம்ப்ரசர்_கண்ணன்

கலர் கேட்காத சேல்ஸ்மேனை நான் பார்த்ததே இல்லை.

உள்ளூரில் செய்கிறவரிடம் போவதாக இருந்தால் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். பேச்சில் வேண்டாம்.

பெட்டியைக் குளிர வைக்க உள்ளே ஓடும் கேஸ் (வாயு) எது? ஆர்-404ஏ என்றால் எல்லா மெக்கானிக்கிடமும் கிடைக்கும், ஆனால் அது போய்க்கொண்டிருக்கிற கேஸ். புவி சூடாகும் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 3900 மடங்குக்கு மேல். ஐரோப்பாவில் 2020 ஜனவரியிலிருந்து இந்த மாதிரிக் கேஸ் அடைத்த கடைப் பெட்டிகளைப் புதிதாக விற்கக் கூடாது. ஆகவே "இத்தாலி பெட்டி, பழைய ஸ்டாக், பாதி விலை" என்று யாராவது வந்தால் ஸ்டிக்கரில் கேஸ் பெயரைப் பாருங்கள். ஆர்-290 என்றால் புரொப்பேன். கரண்டு குறைவாக எடுக்கும், நல்லது. ஆனால் நம் வீட்டு சிலிண்டரில் இருப்பதன் தம்பி. கேஸ் இறக்காமல் டார்ச்சைப் பற்றவைக்கிற அரைகுறை ஆட்களைக் கிட்டே விடக்கூடாது. உங்கள் ஊரில் அந்தப் பயிற்சி எடுத்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீஃப்ராஸ்ட். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊருக்கு இதுதான் முக்கியம். மலிவான கண்ட்ரோலர் "ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்று எண்ணிக்கொண்டிருக்கும். கரண்டு போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. காலையில் நீங்கள் செட் பண்ணி வைத்திருப்பீர்கள். மத்தியானம் ஒன்றரைக்கு கரண்டு கட். அடுத்த டீஃப்ராஸ்ட் ராத்திரி ஏழரைக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் வந்து நிற்கும். கடிகாரம் வைத்த கண்ட்ரோலர் வேண்டும் என்று கேளுங்கள். காலை ஆறு, மாலை மூன்று, இரவு பன்னிரண்டு என்று நேரத்தை நாமே குறித்து வைத்துவிடலாம்.

மூன்றாவது, ஸ்டெபிலைசர். கரண்டு வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்து விடுகிற வகை. கம்ப்ரசர் நின்ற உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகப் பார்த்தால் வைண்டிங் போகும்.

அலை சார் பக்கம் கடற்கரை என்பதால் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரின் அலுமினியத்தை உப்புக்காற்று தின்றிருக்கும். உங்களுக்குத் திருச்சியில் அந்தக் கவலை இல்லை. தூசிதான். மாதம் இருமுறை பிரஷ் போட்டால் போதும்.

பெசன்ட்நகர்_அலை

தின்றது சார். இரண்டே வருடத்தில் ஃபின் எல்லாம் மாவு மாதிரி உதிர்ந்தது. அப்புறம் கோட்டிங் போட்டதாக வாங்கினேன்.

மேடம், பட்டறையில் சோதனைக்குப் போகும்போது வெறும் பெட்டியைப் பார்க்காதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். தட்டு நிறைய சரக்கோடு போங்கள்.

உறையூர்க்காரி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

65 ஆயிரம் ஸ்கூப்பிங் ஃப்ரீசரை ஒரு தெரிந்த கடையில் போய்ப் பார்த்தேன். கெட்டியான ஐஸ்கிரீமுக்குச் சரி. ஜெலாட்டோவுக்கு அந்தக் குனிந்து தோண்டுகிற ஆழம் ஒத்து வராது. ஓரத்தில் பனி படிந்து கல்லாகவும் நடுவில் கூழாகவும் இருந்தது. இத்தாலியை வாசலே தள்ளிவிட்டது. கடைசியில் உள்ளூர் ஆளிடமே எட்டு தட்டு கேட்டேன். கிளைமேட் கிளாஸ் என்றதும் முகம் மாறவில்லை. "அப்படி சர்ட்டிஃபிகேட் எல்லாம் என்னிடம் இல்லை அம்மா, ஆனால் நீங்கள் சொல்கிற சூட்டில் ஓட்டிக் காட்டுகிறேன்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

தெர்மோகோல் டப்பாவில் 20 கிலோவோடு போனேன். ஒரு சின்ன அறையில் பெட்டியை வைத்து, இரண்டு ரூம் ஹீட்டர் போட்டு, சுவரில் 37 டிகிரி வந்தபின் கதவைச் சாத்தினோம். ஒரு தவலையில் வெந்நீரும் வைத்தார், ஈரப்பதத்துக்காம். வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடி மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நின்றார். மணிக்கு ஒருமுறை எட்டு தட்டிலும் முள் குத்தினோம். முதல் சுற்றில் முன்வரிசை இடது மூலை மைனஸ் 9, மற்றதெல்லாம் மைனஸ் 12, 13. அதே இடது மூலை! அலை சார், உங்களைத்தான் நினைத்தேன். அவர் முன்பக்கக் காற்றுப் பாதையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு தகடு உள்வாங்கி வழியை அடைத்திருந்தது. சரி செய்து மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். இரண்டாம் முறை அந்த மூலை மைனஸ் 12. கண்ணாடியில் கீழ் ஓரம் மட்டும் லேசாகப் புகை, அதற்கு ஹீட்டர் கம்பி போட்ட கண்ணாடி மாற்றித் தருகிறார், 18 ஆயிரம் கூடுதல்.

மிச்சப் பணத்தில் மைனஸ் 18 நிற்கும் ஃப்ரீசர் வாங்கியாகிவிட்டது. சீலிங் ஃபேன் கழற்றியாகிவிட்டது. அதைக் கழற்றியதற்கு மாமியார் ஒரு வாரமாகப் பேசவில்லை.

சாக்லேட்டும் மாம்பழமும் இப்போது மைனஸ் 13இல் ஒரே மாதிரி வளைகின்றன. இளநீர் சார்பே (பால் சேர்க்காத வகை) மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறது, காலையில் எடுத்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைகிறது.

பலெர்மோ_தமிழன்

இளநீரில் சீனி குறைவு, முழுக்கத் தண்ணிதானே. எவ்வளவு டெக்ஸ்ட்ரோஸ் போட்டீர்கள்? நார்ப்பொருள் ஏதும் சேர்த்தீர்களா? வழுக்கையை அரைத்து விட்டுப் பார்த்தீர்களா?

உறையூர்க்காரி

வழுக்கையா! இல்லை அண்ணா. நாளைக் காலையில் காந்தி மார்க்கெட் போய் வாங்கி வந்து போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.